மலை நிற்கும் இடம்

(இலங்கைத் தீவின் நிலம், நீர், காடு குறித்து இருக்கன்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலங்கை என்றால் நம் மேடைகளில் போரைப் பேசுவோம், அரசியலைப் பேசுவோம். பேச வேண்டியதுதான். ஆனால் அந்தத் தீவில் மழை எங்கே கொட்டுகிறது, எங்கே ஏமாற்றுகிறது, ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, காலுக்குக் கீழே என்ன பாறை கிடக்கிறது என்று மேடை போட்டு யாரும் பேசுவதில்லை. இன்றைக்கு அதை மட்டும் பேசுவோம்.

முதலில் நாம் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்வோம். ஒரு பக்கம் அர்ச்சுனா நதி, மறுபக்கம் வைப்பாறு. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து வருகின்றன. மாரியம்மன் கோயிலைச் சுற்றி வந்து ஒன்றாகச் சேர்ந்து, விளாத்திகுளம் பக்கமாகப் போய், வைப்பாறு என்ற ஊருக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கின்றன. அந்த முகத்துவாரத்தில் நின்று நேர் கிழக்கே பார்த்தால், கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது இலங்கையின் மன்னார். இருக்கன்குடியில் இருந்தே நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால் அது ஏறக்குறைய கிளிநொச்சியைத் தொடும். சென்னையை விடக் கிளிநொச்சி நமக்குப் பக்கம்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதி. வடக்கே பருத்தித்துறையில் இருந்து தெற்கே தெய்வேந்திரமுனை வரை சுமார் 430 கிலோமீட்டர். அகலமான இடத்தில் 220 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இவ்வளவு சின்ன நிலத்துக்குள் பனிமூட்டக் காடு இருக்கிறது, முட்காடு இருக்கிறது, ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் வட்டவளை இருக்கிறது, 1,000 மில்லிமீட்டரே பெரிய விஷயம் என்று இருக்கும் மன்னாரும் இருக்கிறது. இத்தனை வேறுபாடு எப்படி வந்தது? ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் முழுத் தீவும் விளங்கிவிடும். மலை எங்கே நிற்கிறது?

நமக்கு மலை மேற்கு ஓரத்தில் சுவராக நிற்கிறது. அவர்களுக்கு மலை தீவின் நடுவில், கொஞ்சம் தெற்கே தள்ளி நிற்கிறது. நான் இன்று சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டில் இருந்து கிளைப்பதுதான்.

பாறையில் இருந்து தொடங்குவோம். இலங்கையின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. நம் தென்தமிழ்நாட்டின் அடியில் கிடக்கும் அதே குடும்பம். கோண்டுவானா என்று நிலவியலாளர்கள் சொல்லும் பழம்பெரும் நிலத்தில் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக் கிடந்தன. சென்னைக்கு அருகே பல்லாவரம் குன்றில் ஆராய்ந்து சார்னகைட் என்று பெயரிட்ட பாறை, இலங்கையின் மலைநாட்டிலும் பரவிக் கிடக்கிறது. சிவகங்கையில் கிராஃபைட் தோண்டுகிறோம். இலங்கையில் போகலை, ககட்டகக சுரங்கங்களில் கிராஃபைட் எடுக்கிறார்கள். மணவாளக்குறிச்சியில் கருமணல், அங்கே திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் கருமணல். இரண்டு கரைகளும் ஒரே பாறையில் வெட்டியவை.

நடுவில் இருக்கும் கடலோ மிக இளையது. பாக் நீரிணையில் ஆழமான இடத்திலும் 15 மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். அந்த மணல்திட்டு வரிசையில் பல இடங்களில் ஆள் இறங்கி நிற்கலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே கிடந்தது. அப்போது பாக் நீரிணை கடலே கிடையாது. காடும் புல்வெளியுமாக இருந்த சமவெளி. அதன் வழியாக யானை நடந்தது, மனிதனும் நடந்தான்.

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் விருதுநகர் மாவட்டத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில், சாம்பல் நிற அணிலுக்கென்று 1988இல் ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். பூனை அளவுக்கு வளரும் பெரிய அணில் அது. உடலைவிட வாலே நீளமாக இருக்கும். மரத்துக்கு மரம் தாவும். தரையில் இறங்குவது அபூர்வம். கிளைகள் ஒன்றோடொன்று கோத்திருந்தால்தான் அதற்கு வழி. உலகில் இந்த அணில் வாழ்வது இரண்டே பகுதிகளில்: தென்னிந்தியாவில் நம் மலை போன்ற சில துண்டுக் காடுகள், அப்புறம் இலங்கை. தரையிலேயே இறங்கத் தயங்கும் பிராணி கடலை நீந்தியா போயிருக்கும்? இரண்டு நிலமும் ஒன்றாக இருந்த காலத்தில் மரங்களும் தொடர்ந்து இருந்தன என்பதற்கு அந்த அணிலே ஆதாரம். உயிரியலாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் சேர்த்து ஒரே உயிர்வளப் பகுதியாகக் கணக்கிடுவது இதனால்தான்.

ஆனால் பிரிந்த பிறகு தீவு தன் வழியில் வளர்ந்தது. சிங்கராஜக் காட்டில் இருக்கும் மரங்களில் பாதிக்கு மேல் உலகில் வேறெங்கும் கிடையாது. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. நூற்றுக்கு மேற்பட்ட தவளை இனங்கள் அந்தத் தீவில் இருக்கின்றன. பெரும்பாலானவை அங்கே மட்டுமே வாழ்பவை. புலி இன்றைக்கு அங்கே இல்லை. அதனால் காட்டில் முதல் மரியாதை சிறுத்தைக்கு. நம் பக்கம் புலிக்குப் பயந்து ஒதுங்கி நடக்கும் சிறுத்தை, யால காட்டில் பட்டப்பகலில் பாறைமேல் படுத்துக் கிடக்கும்.

இனி காற்றுக்கு வருவோம்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வருகிறது. கேரளத்தில் கொட்டுகிறது. மலை ஏறும் காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாது, சரக்கை எல்லாம் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது வெறும் காற்றாக இறங்குகிறது. இறங்க இறங்க அமுங்கிச் சூடாகிறது. ஆடி மாதத்தில் இந்த ஆற்று மணலை அள்ளி நம் கண்ணில் போடுவது அந்தக் காற்றுதான். விருதுநகர் மாவட்டத்துக்கு ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் வருவது.

இந்த வறட்சியைச் சாபம் என்று திட்டுகிறோம். ஆனால் பட்டாசும் தீப்பெட்டியும் இங்கே வேரூன்றியதற்கு அதே வறட்சி ஒரு காரணம். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியில் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மருந்தில் முக்கிய குச்சி உலர வேண்டும். உருட்டிய காகிதக் குழாய் முற்றத்தில் காய வேண்டும். ஈரம் கோத்துக்கொண்டால் மருந்து கெடும். அலுமினியத் தூள் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் சூடேறி ஆபத்தும் வரும். ஆண்டில் பெரும்பகுதி வானம் வெளுத்துக் கிடக்கும் ஊர் இந்தத் தொழிலுக்குத் தோதாக அமைந்தது.

சரி, இதே காற்று இலங்கையில் என்ன செய்கிறது? தென்மேற்கில் கொழும்பு, காலி என்று கடலோரச் சமவெளியைத் தாண்டி, நடுமலையில் முட்டுகிறது. அங்கே மலை சாதாரண மலை இல்லை. பேதுருதாலகாலை 2,524 மீட்டர். நம் ஆனைமுடியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். அட்டன், வட்டவளை, நோர்வூட் பகுதிகளில் ஜூன், ஜூலையில் விடாத மழை. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் ஊவா. அங்கே அதே மாதங்களில் வெயில். இன்னும் கிழக்கே மட்டக்களப்புக்குப் போனால் முகத்தில் அனல் அடிக்கும். கச்சான் காற்று என்பார்கள். இருக்கன்குடியில் ஆடியில் அடிக்கும் காற்றுக்கும் மட்டக்களப்பின் கச்சானுக்கும் இயற்பியல் ஒன்றே: மலையேறி ஈரத்தை இழந்து, இறங்கிச் சூடான காற்று.

வேறுபாடு எங்கே என்றால், நம் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம். அவர்களுக்கு மலையின் இரண்டு பக்கமும் ஒரே நாடு. டிசம்பரில் காற்று திரும்பி வடகிழக்கில் இருந்து வரும்போது கிழக்குச் சரிவு நனைகிறது, மேற்குச் சரிவு காய்கிறது. ஒரே மலை, வருஷத்தில் இரண்டு முறை ஈரப் பக்கத்தையும் காய்ந்த பக்கத்தையும் மாற்றிக்கொள்கிறது.

தேயிலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேற்குச் சரிவில் திம்புள்ளைத் தேயிலைக்கு நல்ல மணம் வருவது ஜனவரியில் இருந்து மார்ச் வரை. கிழக்குச் சரிவில் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது ஜூலையில் இருந்து செப்டம்பர் வரை. கொட்டும் மழையில் கொழுந்து வேகமாக வளரும், வாசனை இருக்காது. வறண்ட காற்று பட்டு, வளர்ச்சி நின்று, இலை சற்று வாடும்போதுதான் அந்த மணம் உள்ளே கூடுகிறது. நாம் ஆடி கடைசி வெள்ளிக்கு இந்தக் கோயிலில் பொங்கல் வைக்கும் நாளில், ஊவாச் சரிவில் உலகம் தேடி வாங்கும் தேயிலை பறிபடுகிறது. நம்மைப் புழுதியில் குளிப்பாட்டும் காற்று அங்கே விலை ஏற்றிக்கொண்டு இருக்கிறது.

அந்தக் கொழுந்தைப் பறித்த கை யாருடையது? இந்தக் கரிசல்காட்டுக் கை. பழைய இராமநாதபுரம் மாவட்டம், திருநெல்வேலி, மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பகுதிகளில் இருந்து போனவர்கள். கண்டிச் சீமைக்குப் போனார்கள் என்று வீடுகளில் சொல்வோமே, அவர்கள். முதலில் காப்பிக்கு ஆள் தேவைப்பட்டது. 1840இல் ஒரு சட்டம் போட்டு, உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் மேய்ச்சல் நிலமும் அரசுக்குச் சொந்தம் என்று வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான். காடு விழுந்தது, காப்பி எழுந்தது. 1869இல் காப்பி இலையில் துரு நோய் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி செத்த மலையெங்கும் தேயிலை ஏறியது. காப்பி ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஆள் கேட்கும் பயிர். தேயிலை வருஷம் முழுவதும் ஆள் கேட்கும். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் இங்கே வானம் பொய்த்தபோது, அங்கே மழை பெய்யும் சரிவு ஆட்களைக் கூப்பிட்டது. ஆள் சேர்க்கும் கங்காணி முன்னே நடந்தார், குடும்பங்கள் பின்னே நடந்தன. தோணியில் மன்னார்க் கரை போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடை. வழியிலேயே மாண்டவர் கணக்கு பெரியது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயிலும் வந்து சேர்ந்தன.

1964ஆம் ஆண்டு இந்தக் கதையில் இரண்டு முறை வருகிறது. அக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம்; அந்தத் தோட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள். டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியை, ரயிலோடு சேர்த்து, வாரிக்கொண்டு போனது. போன வழி அழிந்த வருஷத்திலேயே திரும்பி வரும் கணக்கும் எழுதப்பட்டது. நான்கு தலைமுறையாக ஈரமலையில் வாழ்ந்தவர்களில் பலர் திரும்பி வந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலைச் சரிவிலேயே நின்றார்கள்.

இலங்கையின் அந்தத் தேயிலைச் சரிவுக்கு நாம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். மழைக்காட்டின் வேர் பிடித்திருந்த மண்ணைத் தேயிலை வேர் அப்படிப் பிடிக்காது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளை மூடியது. மூடப்பட்டவர்கள் எல்லாம் நம் ஊர்களில் இருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள்.

மலையின் ஈரப் பக்கம் தீவில் ஏறத்தாழக் கால் பங்குதான். மிச்சத்தில் பெரும்பகுதி உலர்வலயம். அது நம் பூமி மாதிரியே: மழை முழுவதும் மூன்று நான்கு மாதத்தில், பிறகு வானம் பார்த்த வாழ்க்கை. அங்கே மக்கள் என்ன செய்தார்கள்? நாம் செய்ததையே செய்தார்கள். நாம் கண்மாய் வெட்டினோம், அவர்கள் குளம் வெட்டினார்கள். மன்னன் மகாசேனன் மூன்றாம் நூற்றாண்டில் மின்னேரியாக் குளத்தைக் கட்டினான். தாதுசேனன் ஐந்தாம் நூற்றாண்டில் கலா வாவி கட்டி, அங்கிருந்து அநுராதபுரத்துக்கு 87 கிலோமீட்டர் நீளத்தில் ஜய கங்கை என்ற கால்வாயை இழுத்தான். அதன் முதல் 27 கிலோமீட்டரில் சரிவு கிலோமீட்டருக்குச் சுமார் 10 சென்டிமீட்டர். இன்றைக்கு நவீனக் கருவி வைத்து அளப்பவனும் அந்தச் சரிவுக்கு முன் தொப்பியைக் கழற்றுவான். நம் கண்மாயில் கல்தூண் நிறுத்திக் குமிழி மடை வைத்தோம். அவர்கள் கரைக்குள் கல்லால் சதுரக் கிணறு கட்டி, நீரின் வேகத்தை அதற்குள் அடக்கி வெளியே விட்டார்கள்.

அங்கே சிற்றூர்க் குளங்களின் வரிசையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். குளம் தனியாக நிற்காது. மேலே காட்டுக்குள் ஒரு சிறு குளம். அது வண்டலைப் பிடித்து நிறுத்தவும் விலங்குகள் குடிக்கவும். அதன் கீழே ஊர்க் குளம். குளத்தின் மேல்பக்கம் மரவரிசை, காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்க. கரைக்கும் வயலுக்கும் நடுவே நீர்மருதும் இலுப்பையும் நிற்கும் ஒரு பட்டை. கரையில் கசிந்து வரும் நீரின் உப்பை அந்த வேர்கள் வாங்கிக்கொண்ட பிறகே நீர் வயலுக்குப் போகும். வயலில் வடிந்தது அடுத்த குளத்துக்கு, அங்கிருந்து அதற்கடுத்த குளத்துக்கு. ஒரே மழைநீர் நான்கைந்து ஊருக்கு உழைத்துவிட்டுத்தான் ஆற்றில் சேரும். ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியாக் குளம் வற்றி, உள்வாயில் பசும்புல் முளைக்கும்போது நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடுகின்றன. மனிதன் நெல்லுக்காக வெட்டிய குளம், 1,700 ஆண்டு கழித்து யானையின் கோடைக்கால மேய்ச்சலாக இருக்கிறது.

வடக்கே யாழ்ப்பாணம் தனிக் கதை. அங்கே மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. அடியில் சுண்ணாம்புப் பாறை; மழை அதில் இறங்கி, கடல்நீரின் மேல் நன்னீர்ப் படலமாக, பாலின்மேல் ஆடை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடியை மோட்டார் வைத்து இறைத்தால், கீழே உப்புநீர் 40 அடி ஏறி வரும். புத்தூரில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. பனையும் கிணறும் நம்பி வாழும் அந்த மக்களுக்குத் தண்ணீர்ச் சிக்கனம் குணம் மட்டுமில்லை, வேறு வழியும் இல்லை.

கடலையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது இலங்கையின் கிழக்கும் தெற்கும் சிதைந்தன. 30,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நாகப்பட்டினம் அழிந்தது. இராமநாதபுரமும் தூத்துக்குடியும் பெருமளவு தப்பின. காரணம், அலைக்கும் நமக்கும் நடுவில் அந்தத் தீவு குறுக்கே கிடந்தது. அடியை அது வாங்கிக்கொண்டது. அந்தத் தீவின் கடலடியை நம் விசைப்படகுகள் இழுவைமடி போட்டு வாரிக்கொண்டு வருவதையும் இந்த மேடையில் சொல்லாமல் விட முடியாது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். மடி தரையை உரசினால் மீன் குஞ்சும் கடல்புல்லும் சேர்ந்தே போகும். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நாட்டுப்படகில் போகும் இராமேஸ்வரத்துக்காரரும் அதையேதான் கேட்கிறார்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம். ஓட்டன் சமவெளி என்ற உயர்ந்த புல்வெளியைச் சுற்றிய மேகக்காட்டில் மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கு ஊற்று இருக்கிறது. மேகம் இலையில் பட்டுச் சொட்டுவதும் அங்கே மழைதான். அந்தச் சொட்டு மகாவலியாக 335 கிலோமீட்டர் ஓடி, வழியில் விக்டோரியா அணையில் மின்சாரம் கொடுத்து, பொலனறுவைப் பக்கம் நெல் விளைவித்து, திருகோணமலையில் கடல் சேர்கிறது. மலையில் காடு போனால் உலர்வலயத்தில் சோறு போகும். இலங்கை அரசியலில் யார் வந்தாலும் போனாலும் இந்த விதி மாறவில்லை.

நமக்கும் விதி அதுதான். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகிரி மலைகளின் காட்டை நம்பி இருக்கின்றன. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையைப் புலிகள் காப்பகமாக அறிவித்தபோது, புலிக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று கேட்டவர்கள் உண்டு. அந்த இடம் நமக்காக. அங்கே கிளை முறியாமல் இருந்தால் அணிலுக்கு வழி; அணிலுக்கு வழி இருந்தால் இருக்கன்குடி அணைக்குத் தண்ணீர்.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்தால் மறுகால் எங்கே பாய்கிறது, அது எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் நடந்து போய்ப் பாருங்கள். வரத்துக்கால் எங்கே சீமைக்கருவேலம் மண்டி அடைத்திருக்கிறது, எங்கே யார் மண்ணைப் போட்டு மேடாக்கி இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் படமாகப் போடுங்கள். பெரியவர்கள் அந்தப் படத்தைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடுங்கள். மழை நம் கையில் இல்லை, மலை நிற்கும் இடமும் நம் கையில் இல்லை. வரத்துக்கால் நம் கையில் இருக்கிறது.